குமரியில் பள்ளிக்கூடம் பார்க்கப் போன வாரம்

2025 ஜூலை 13, ஞாயிறு. நாகர்கோவில்

முப்பந்தல் வந்ததுமே பேருந்தில் எல்லோரும் ஷட்டரை இறக்கிவிட்டார்கள். ஆனி இன்னும் முடியவில்லை, அதற்குள் ஆடிக்காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அந்தப்பக்கம் சுள்ளென்று வெயில், இந்தப்பக்கம் சாரல். தோவாளையில் பூக்கூடைகள் ஏறின. வடசேரியில் இறங்கும்போது மழை நன்றாகவே பிடித்துக்கொண்டது.

முக்கடலையோ மாத்தூர் தொட்டிப்பாலத்தையோ பார்க்க நான் வரவில்லை. பாளையங்கோட்டையில் அரசு உதவிபெறும் பள்ளியில் படித்து, உதவிபெறும் பள்ளியிலேயே பாடம் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். குமரி மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. வேலையில் இருந்தபோது பள்ளி நடக்கிற நாளில் எனக்கு ஏது விடுமுறை?

2011 கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம். தமிழ்நாட்டு மாவட்டங்களில் இதுதான் முதலிடம். “கேரளா பக்கம்லா, அதான்” என்று பலர் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. இங்கே ஏதாவது ஒரு கிளைச்சாலையில் நடந்து பாருங்கள். கொஞ்சதூரத்துக்கு ஒரு பள்ளிக்கூடம் வரும். அதை நடத்துவது ஒரு திருச்சபையாக இருக்கும், கத்தோலிக்கப் பங்காக இருக்கும், கன்னியர் மடமாக இருக்கும், ஊர்ச் சமுதாயமாகவும் இருக்கும். கட்டடமும் நிர்வாகமும் அவர்களுடையது, ஆசிரியர் சம்பளம் அரசுடையது, பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. இவைதான் உதவிபெறும் பள்ளிகள். தனியார் பள்ளி என்றதும் மஞ்சள் வேனும் டையும் மட்டுமே நினைவுக்கு வருகிறவர்கள் இந்த மாவட்டத்துக்கு ஒருமுறை வரவேண்டும். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே இடத்தில் உட்காரலாம் என்ற நிலை இங்கே தனியார் பள்ளிக்கூடத்தில்தான் தொடங்கியது. சர்க்கார் பின்னால்தான் வந்தது.

தங்கியிருப்பது தோழி வீட்டில். பயிற்சிப் பள்ளியில் எனக்கு இரண்டு வருஷம் இளையவள், இப்போது கருங்கலுக்கு அப்பால் ஒரு தொடக்கப்பள்ளியில் தலைமையாசிரியை. ராத்திரி மரச்சீனிக்கிழங்கும் சாளைமீன் குழம்பும். “அக்கா, செவ்வாய்க்கிழமை எங்க பள்ளிக்கூடத்துக்கு வரணும் கேட்டியளா, காமராசர் பிறந்தநாள். காலத்த ஏழு மணிக்கு எறங்கணும்” என்று சொல்லிவிட்டுத்தான் விளக்கை அணைத்தாள்.

ஜூலை 14, திங்கள். மயிலாடி

பேருந்தை விட்டு இறங்கியதும் உளிச்சத்தம். சிற்பக்கூடங்களில் அரைகுறையாக நின்ற சாமிகளைத் தாண்டி ஆலயத்துக்குப் போனேன்.

இந்த ஊர்க்காரர் வேதமாணிக்கம். ஒடுக்கப்பட்ட சாம்பவர் சமூகத்தில் பிறந்தவர். தஞ்சாவூர்ப் பக்கம் போனபோது கிறிஸ்தவரானவர், தன் ஊருக்கு ஒரு போதகர் வேண்டும் என்று கேட்டு வாங்கினார். 1806இல் வந்தவர் வில்லியம் தோபியாஸ் ரிங்கல்தௌபே, பிரஷ்ய நாட்டுக்காரர், லண்டன் மிஷன் அனுப்பிய ஆள். 1809இல் இங்கே ஆலயம் எழுந்தது, கூடவே பள்ளிக்கூடமும். நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி தன் வயதை அந்த 1809இலிருந்துதான் எண்ணுகிறது. கல்லூரியானது என்னவோ 1893இல்.

கோயில் தெருவில் நடக்கவே தடை இருந்த பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து எழுதச் சொன்னார்கள். இந்த மாவட்டம் அப்போது சேர்ந்திருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் அது எவ்வளவு பெரிய துணிச்சல் என்று இன்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகளுக்குக் கதை போல இருக்கும். ரிங்கல்தௌபே 1816இல் கப்பலேறிப் போனார், அப்புறம் அவர் என்ன ஆனார் என்பதற்குத் தடயமே கிடையாது. பள்ளிக்கூடம் நின்றுவிட்டது, அதாவது நிலைத்துவிட்டது.

அடுத்த வருஷமே, 1817இல், திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாய் கல்விச் செலவை அரசே ஏற்கவேண்டும் என்று ஆணை போட்டார். நல்ல ஆணை. ஆனால் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைக்கு சர்க்கார் பள்ளியின் வாசல் திறக்க அதன்பிறகும் பல பத்தாண்டுகள் ஆயின. அந்த இடைவெளியை நிரப்பியவை இந்தச் சின்னச் சின்னப் பள்ளிகள்தான். நிரப்பியதற்குத் தண்டனையும் பெற்றன. பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டக் கலவரங்களில் ஆலயங்களோடு பள்ளிக்கூடங்களையும் சேர்த்தே எரித்தார்கள். குப்பாயம் என்ற மேல்சட்டை போட்டுக்கொண்டு ஒரு பெண்பிள்ளை பாடசாலைக்கு நடந்துபோவதைப் பொறுக்க முடியாதவர்கள் இருந்தார்கள். 1859 ஜூலையில் அரச அறிவிப்பு வந்தபிறகுதான் அந்தப் பிள்ளைகள் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தார்கள்.

திரும்பும் வழியில் தேரூர். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பிறந்த ஊர். அவர் பள்ளியில் படித்தது மலையாளம், திருவிதாங்கூரில் அப்போது அப்படித்தான். தமிழைத் தனியாக ஒரு தம்பிரானிடம் கற்றுக்கொண்டு, கோட்டாறில் பள்ளி ஆசிரியராகத் தொடங்கியவர். குளத்துக்கரையில் கொஞ்சநேரம் நின்றேன், மழை விடவில்லை.

ஜூலை 15, செவ்வாய். கருங்கலுக்கு அப்பால்

ஏழே காலுக்கு இறங்கினோம். பள்ளியின் பேரைச் சொல்லவேண்டாம் என்று தோழி கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. வெட்டுக்கல் சுவர், மேலே ஓடு, முன்னால் ஒரு அயினி மரம். பக்கத்தில் ஆலயம். ரப்பர் தோட்டத்துக்குள்ளிருந்து ஒற்றையடிப்பாதை நேரே பள்ளி முற்றத்தில் வந்து முடிகிறது. பிள்ளைகள் பாதிப்பேர் அந்த வழியாகத்தான் வருகிறார்கள், குடையும் கையுமாக.

எட்டு மணிக்கு ரவா கிச்சடியும் சாம்பாரும். காலை உணவுத் திட்டம் கிராமப்புற உதவிபெறும் தொடக்கப்பள்ளிகளுக்கு வந்தது போன வருஷம் இதே நாளில். அதற்கு முன்னால் சாலைக்கு அந்தப்பக்கம் அரசுப் பள்ளிப் பிள்ளைக்குச் சாப்பாடு உண்டு, இந்தப்பக்கத்துப் பிள்ளைக்கு இல்லை. (நகரத்து உதவிபெறும் பள்ளிகளுக்கும் இது 2025 ஆகஸ்டில் வந்தது.) அம்மாமார் பலர் அண்டியாபீஸுக்கு ஏழரைக்கே போய்விடுகிறவர்கள். முந்திரிக்கொட்டை உடைத்து விரல் கறுத்த கையோடு பிள்ளைக்குச் சோறு பொங்க எந்த நேரம் மிச்சமிருக்கும்? முதல் பிரிவேளையில் தலைசுற்றி உட்காரும் பிள்ளை இப்போது இல்லை என்று இரண்டாம் வகுப்பு டீச்சர் சொன்னார்.

ஒன்பதரைக்கு மணி. தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, செய்தி வாசிப்பு, ஒரு திருக்குறள். இன்று கல்வி வளர்ச்சி நாள் என்பதால் காமராசர் படத்துக்கு மாலை. நாலாம் வகுப்புப் பெண்பிள்ளை ஒருத்தி மனப்பாடம் செய்த உரையை ஒரே மூச்சில் ஒப்பித்து முடித்தாள். உடனே ஒரு பையன் எழுந்து, “டீச்சர், அவரு நம்ம நாரோயிலுக்கு எம்பியா இருந்தாராம், எங்க தாத்தா சொன்னாவ” என்றான். தாத்தா சொன்னது சரி. 1969 இடைத்தேர்தலிலும் 1971லும் நாகர்கோவில்தான் அவரை டெல்லிக்கு அனுப்பியது. தோழி அந்தப் பையனை முன்னால் கூப்பிட்டுக் கைதட்டச் சொன்னாள். எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாததை வீட்டிலிருந்து கொண்டுவந்த பிள்ளை அல்லவா!

மூன்று ஆசிரியர்கள், ஐந்து வகுப்பு. ஒன்றும் இரண்டும் மூன்றும் ஒரே ஹாலில், அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்ட அட்டைகளோடு தரையில் வட்டமாக. நாலும் ஐந்தும் உள்ளறையில். எமிஸ் என்ற கல்வித்துறைச் செயலியில் வருகை போட டவர் கிடைக்காமல் இரண்டாம் வகுப்பு டீச்சர் அயினி மரத்தடிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தார். அந்த நேரத்தில் ஒரு பிள்ளைக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்திருக்கலாம் என்று எனக்கு ஆதங்கம்.

மதியம் சத்துணவு முடிந்து பிள்ளைகள் முட்டை ஓட்டைத் தென்னை மூட்டில் போட்டுவிட்டுக் கைகழுவப் போனபோது, தோழி இரும்பு அலமாரியைத் திறந்து ஒரு நீளமான நோட்டை எடுத்துவந்தாள். பழைய சேர்க்கைப் பதிவேடு. காலிகோ அட்டை, பூச்சி அரித்த ஓரம், அந்துருண்டை வாசனை. மை பழுப்பாகிவிட்டது, எழுத்து மட்டும் அச்சுப் போல இருக்கிறது. தேதி எல்லாம் கொல்லம் ஆண்டில். விரலை வைத்துப் படித்தேன்: 1104 எடவம். நம் கணக்கில் 1929 மே, ஜூன். பெயர், தகப்பன் பெயர், சாதி, வீட்டுப்பேர், தொழில். தொழில் பத்தியில் மேலிருந்து கீழே ‘பனையேற்று’, ‘பனையேற்று’, ‘பனையேற்று’, இடையில் ஒரு ‘கூலி’, மறுபடி ‘பனையேற்று’. கடைசிப் பத்தியில் பள்ளியை விட்டு நின்ற காரணம்: ‘வேலைக்கு’, ‘சுரம்’, ‘தகப்பன் மரத்திலிருந்து விழுந்து மரணம்’. ஒரு பெண்பிள்ளையின் பேருக்கு நேரே மட்டும் ‘ஐந்தாம் வகுப்பு ஜெயம்’. அந்த வரியைத் தோழி எனக்குக் காட்டித் தரவில்லை, நானே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டிருந்தாள் போல.

இப்போதைய பதிவேட்டில் தொழில் பத்தி வேறு: ரப்பர் பால்வெட்டு, கொத்தனார், ஆட்டோ, அண்டியாபீஸ், வளைகுடா. மக்கள் மாறியிருக்கிறார்கள். முந்தைய தலைமுறையில் இங்கே படித்தவர்களின் பேரப்பிள்ளைகள் வேனில் வேறு பள்ளிக்குப் போகிறார்கள்.

அங்கேதான் தோழியின் கவலை. ஆகஸ்ட் 1 அன்று பதிவில் இருக்கும் பிள்ளைகளை வைத்துத்தான் பணியாளர் நிர்ணயம். கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளை வரைக்கும் இரண்டு ஆசிரியர், 61 ஆனால் மூன்று. போன வருஷம் இவளிடம் 62. இந்த வருஷம் ஐந்தாம் வகுப்பு முடித்துப் போனவர்கள் அதிகம், ஒன்றாம் வகுப்புக்கு வந்தவர்கள் குறைவு, இன்றைய கணக்கு 58. மூன்று பிள்ளைகள் கிடைக்காவிட்டால் இரண்டாம் வகுப்பு டீச்சர் உபரி. பணிநிரவலில் எங்கே தூக்கிப் போடுவார்களோ தெரியாது. அப்புறம் இரண்டு பேர் ஐந்து வகுப்பைப் பார்க்கவேண்டும், அதைப் பார்த்து அடுத்த வருஷம் இன்னும் நாலு பெற்றோர் பிள்ளையை மாற்றுவார்கள். பள்ளிகள் இப்படித்தான் தேய்கின்றன. மூடிவிட்டார்கள் என்று செய்தி வருவது ஒரு நாள்தான், அதற்கு முன்னால் பத்து வருஷமாக ஆகஸ்ட் 1 வந்து வந்து போயிருக்கும்.

“மே மாசம் பூரா வீடு வீடா ஏறி எறங்கினேன் அக்கா. எல்லாரும் மரியாதையாத்தான் பேசுறாவ. ‘டீச்சர் நீங்க நல்லா படிப்பிச்சு குடுப்பிய, எங்களுக்குத் தெரியும். ஆனா இங்கிலீஸ் மீடியம்லா வேணும்’னு சொல்லுகாவ.”

ஜூலை 16, புதன். நாகர்கோவில்

கும்பகோணத்தில் 2004இல் 94 பிள்ளைகள் தீயில் போன நாள். காலையில் தோழி கிளம்பும்போது, இன்று பிரார்த்தனைக் கூட்டத்தில் ஒரு நிமிடம் மௌனம் என்றாள். அந்த வருஷத்துக்குப்பிறகுதான் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஓலைக்கூரை ஒழிந்தது. கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புச் சான்று, சுகாதாரச் சான்று இல்லாமல் தொடர் அங்கீகாரம் கிடையாது என்று கறாரானதும் அப்போதுதான். அலைச்சல் என்று தாளாளர்கள் சலித்துக்கொள்வதை நிறையக் கேட்டிருக்கிறேன். அந்த அலைச்சல் வேண்டும். ஒரு சான்றுகூடக் குறையக் கூடாது.

மழையில் நகருக்குள் அதிகம் சுற்றமுடியவில்லை. மணிமேடை, ஹோம் சர்ச், ஸ்காட் பள்ளி வளாகம். ரிங்கல்தௌபேக்குப் பின் வந்த மிஷனரி சார்லஸ் மீட் 1818இல் மயிலாடியிலிருந்து மிஷனின் தலைமையிடத்தை இங்கே மாற்றியபோது செமினாரி என்ற மிஷன் பள்ளியின் செலவுக்கு நெல்வயல் வாங்க ராணி 5000 ரூபாய் கொடுத்தார், ஆங்கிலேயரின் பிரதிநிதியான ரெசிடெண்ட் மன்றோ சொல்லி. நெல் விற்ற காசில் பிள்ளைகள் படித்தார்கள். 1819 கடைசியில் மிஷனரியான கணவரோடு வந்த மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளைச் சேர்த்துத் தங்கவைத்துப் படிப்போடு பின்னல்வேலையும் சொல்லிக்கொடுத்தார். நாகர்கோவில் லேஸ் என்று பின்னால் பேர்பெற்றது அதுதான். அடிமைகளாக இருந்த பெண்பிள்ளைகள் அந்தப் பின்னல் விற்ற காசில் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கினார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிந்தது 1855இல், இந்தப் பிள்ளைகள் அதற்கு முன்னாலேயே தங்கள் விலையைத் தாங்களே கட்டிவிட்டார்கள். கைவேலைப் பிரிவேளையை வெட்டிப்பொழுது என்று டைம்டேபிளிலிருந்து தூக்குகிறவர்கள் இதை ஒருதரம் நினைக்கட்டும்.

ஒரு ரசவடை, ஒரு சுக்குக்காப்பி. சாயங்காலம் வீடு.

ஜூலை 17, வியாழன். குளச்சல்

துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக்கிடக்கின்றன. மேற்குக் கடலில் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். அதனால் பங்குப் பள்ளியின் வாசலில் இன்று நான் பார்த்த காட்சி மற்ற மாதங்களில் கிடைக்காது: பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுவது அப்பாமார். சைக்கிளில், பைக்கில், கையைப் பிடித்து நடத்தி. வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடக்கிறவர்கள், மகளின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆசிரியையிடம் கூச்சத்தோடு பேசுகிறார்கள். “எங்க மோளு எப்படி படிக்கிறா டீச்சர்?” என்று கேட்க அவர்களுக்கு வருஷத்தில் கிடைக்கும் நாட்கள் இவைதான். பெற்றோர் கூட்டத்தை இந்த இரண்டு மாதத்துக்குள் வைத்துவிடுவோம் என்றார் தலைமையாசிரியையான அருட்சகோதரி. எந்தச் சுற்றறிக்கையும் சொல்லித்தராத ஏற்பாடு இது.

இந்தக் கரையில் 1544இல் பிரான்சிஸ் சவேரியார் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டித் தமிழில் செபம் சொல்லிக்கொடுத்தார். அதற்கு நாலு நூற்றாண்டுக்குப் பிறகு, 1930இல், கொல்லத்திலிருந்து கோட்டாறு மறைமாவட்டம் தனியே பிரிந்தது. இடையில் கடற்கரைப் பிள்ளைகள் எழுத்துக்காகக் காத்திருந்த காலம் மிக நீளம். இன்று கரையில் பங்குப் பள்ளி இல்லாத ஊரைத் தேடவேண்டும்.

2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் தகப்பனைக் கடலுக்குக் கொடுத்த பிள்ளைகள் இந்தக் கரையெங்கும் இருக்கிறார்கள். அன்று இரண்டாம், மூன்றாம் வகுப்பு. இன்று பத்தும் பதினொன்றும்.

பதினொன்றில் ஒரு பிள்ளை டாக்டருக்குப் படிக்க ஆசைப்படுகிறாள். இங்கே எனக்கு உள்ளே ஒன்று அறுத்தது. 2020இல் கொண்டுவந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மட்டும். அருமையான சட்டம், எத்தனையோ ஏழைப் பிள்ளைகளை மருத்துவக் கல்லூரிக்குள் கொண்டுவந்திருக்கிறது. ஆனால் உதவிபெறும் பள்ளிக்கு அது கிடையாது. இந்தக் கரையில் பிள்ளைகள் விரும்பியா தனியார் பள்ளிக்குப் போகிறார்கள்? ஊரில் இருக்கிற பள்ளி அது. கட்டணம் கட்டாமல், சத்துணவு சாப்பிட்டு, அரசு கொடுத்த புத்தகத்தில் படிக்கிற மீனவரின் மகளை, நிர்வாகம் தனியார் என்ற ஒரே காரணத்துக்காக வெளியே நிறுத்துவது நியாயமே இல்லை. குமரி போன்ற மாவட்டத்தில் இது சின்ன விஷயமும் இல்லை. உதவிபெறும் பள்ளிகளின் ஏழைப் பிள்ளைகளையும் சேர்க்கவேண்டும், ஒதுக்கீட்டின் அளவைக் கூட்டியாவது சேர்க்கவேண்டும்.

ஜூலை 18, வெள்ளி. மார்த்தாண்டம்

மெட்ரிக் பள்ளி ஒன்றையும் பார்க்காமல் போனால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வந்ததாகும். தெரிந்தவர் மூலம் அனுமதி. காலை எட்டேகாலிலிருந்து மேம்பாலத்துக்குக் கீழே மஞ்சள் வேன்கள் நெருக்கியடிக்கின்றன. களியக்காவிளை, கொல்லங்கோடு பக்கத்துப் பிள்ளைகள் இறங்கும்போதே தமிழும் மலையாளமும் கலந்து சண்டை போட்டுக்கொண்டு இறங்குகிறார்கள். ஸ்மார்ட் போர்டு, கராத்தே, சுத்தமான கழிப்பறை. வேலைபார்க்கும் ஆசிரியைகள் கெட்டிக்காரர்கள், வாங்கும் சம்பளம் தோழி பள்ளி ஆசிரியரின் சம்பளத்துக்குப் பக்கத்திலேயே வராது. அதை அவர்கள் வாயால் கேட்டபோது மனசு கனத்தது.

மெட்ரிக் பள்ளிகள் முன்னே சென்னை, மதுரைப் பல்கலைக்கழகங்களின் கீழ் இருந்தவை, 1970களின் பிற்பகுதியில் தனி வாரியத்துக்கு வந்தன. 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சமச்சீர் கல்வியை நடைமுறைப்படுத்தச் சொன்ன பிறகு பத்தாம் வகுப்புவரை பாடத்திட்டம் மெட்ரிக்குக்கும் அரசு, உதவிபெறும் பள்ளிகளுக்கும் ஒன்றுதான். அண்டியாபீஸில் நிற்கிற அம்மா கடன் வாங்கிக் கட்டும் கட்டணம் வேறு பாடத்துக்காக அல்ல. வேனுக்கு, ஆங்கிலத்துக்கு, வகுப்புக்கு ஒரு டீச்சர் இருக்கிறார் என்ற நிம்மதிக்கு. கடைசியில் சொன்னதை அவள் கேட்பதில் தப்பே இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடங்களுக்கான 2025ஆம் வருஷச் சேர்க்கை ஜூலை பாதி தாண்டியும் தொடங்கவே இல்லை, மத்திய அரசின் நிதி வராத தகராறில். அதை நம்பியிருந்த பெற்றோர் இரண்டு பேர் அலுவலக வாசலில் நின்றிருந்தார்கள்.

வகுப்புக்கு ஒரு டீச்சர். உதவிபெறும் தொடக்கப்பள்ளிக்கும் கேட்கவேண்டியது அதைத்தான். தலைக்கணக்கில் 60, 61 என்று நிற்காமல், ஐந்து வகுப்பு இருந்தால் ஐந்து ஆசிரியர் என்று அரசு ஒரு முடிவெடுத்தால், வேனில் போகிற பிள்ளைகளில் பாதி ரப்பர் தோட்டத்து ஒற்றையடிப்பாதையில் நடந்து வந்துவிடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ராத்திரி தோழி சொன்னாள், இன்று ஒரு பிள்ளை சேர்ந்திருக்கிறது, வடக்கிலிருந்து ஓடுசூளை வேலைக்கு வந்த குடும்பம். ஆக 59. நாளைக் காலை நான் ஊருக்குப் பேருந்து ஏறுகிறேன்.

இதைப் படிக்கிறவர்களில் குமரிக்காரர்கள் இருந்தால் ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில், உறவில், வேலைக்கு வந்திருக்கும் வெளியூர்க் குடும்பத்தில், ஐந்து வயது நிறைந்து இன்னும் எங்கும் சேராத பிள்ளை இருந்தால் பக்கத்து உதவிபெறும் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். எந்தப் பள்ளி என்று என்னைக் கேட்கவேண்டாம், கருங்கலாக இருந்தாலும் களியலாக இருந்தாலும் எல்லாத் தலைமையாசிரியருக்கும் இதே கணக்குதான். பிறப்புச் சான்றிதழ் கையில் இல்லாவிட்டாலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. ஆகஸ்ட் 1க்குள் போனால் அந்த வகுப்பில் ஒரு டீச்சர் தங்குவார்.